ஸ்கேனர் மக்கர் செய்கிறதா? லினக்ஸில் அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

ரங்கூன் நகர நடுவில், ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் எனக்கு ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கடை. கோயில் அலுவலகம், தமிழ் வகுப்பு நூலகம், பக்கத்துத் தெரு ஜெராக்ஸ் கடை என்று நாலு இடத்தில் கிடந்த பழைய கம்ப்யூட்டர்களுக்கு உபுண்டு, டெபியன், லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தவன் நான்தான். ஆகவே ஸ்கேனர் ஓடாவிட்டால் ஏச்சும் எனக்குத்தான் வரும். இங்கே நம்மவர்களுக்கு ஸ்கேன் செய்யக் காகிதத்துக்குப் பஞ்சமில்லை: தாத்தாவின் எஃப்ஆர்சி (வெளிநாட்டவர் பதிவுச் சான்று) புத்தகம், 1964 வாக்கில் கப்பல் ஏறிப் போன பெரியப்பா விட்டுப்போன பத்திரம், கரையான் பாதி தின்ற கோயில் பேரேடு. குடியுரிமைக்கு மனுப் போடும் வீட்டில் இப்படி ஒரு மூட்டையே இருக்கும்.

திரும்பத் திரும்ப வரும் கோளாறுகளைக் கீழே அறிகுறிவாரியாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசு செலவாகாத காரணம் முதலில் வரும், பை காலியாகும் காரணம் கடைசியில் வரும். கட்டளைகளை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

தொடங்கும் முன் மூன்று பேக்கேஜ்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: சேன்-யூட்டில்ஸ், சிம்பிள்-ஸ்கேன், சேன்-ஏர்ஸ்கேன். லினக்ஸில் ஸ்கேனர்களை ஓட்டும் மென்பொருளுக்குத்தான் ‘சேன்’ என்று பெயர். சிம்பிள் ஸ்கேன் மெனுவில் ‘டாக்குமென்ட் ஸ்கேனர்’ என்ற பெயரில் இருக்கும்.

அறிகுறி 1: "ஸ்கேனர் எதுவும் இல்லை" என்கிறது

கடைக்கு வரும் புகார்களில் பெரும்பங்கு இதுதான். டிரைவரைத் தேடி ஓடாதீர்கள். ஸ்கேனரின் கேபிளைக் கழற்றிவிட்டு, யூஎஸ்பியில் செருகியிருப்பதையெல்லாம் பட்டியல் போடும் ‘எல்எஸ்யூஎஸ்பி’ கட்டளையைத் தட்டுங்கள், எத்தனை வரி வருகிறது என்று எண்ணுங்கள். கேபிளைச் செருகி, ஐந்து விநாடி விட்டு மறுபடி தட்டுங்கள். ஒரு வரி கூடியிருக்க வேண்டும். கூடியதா இல்லையா என்பதைப் பொறுத்து வழி இரண்டாகப் பிரிகிறது.

1-அ: வரி கூடவில்லை

கம்ப்யூட்டருக்கு ஸ்கேனர் இருப்பதே தெரியவில்லை. இந்த நிலையில் எந்த மென்பொருளை மாற்றினாலும் பயனில்லை.

ஒருநாள் கோயில் கணக்கப்பிள்ளை ஐயா காலையிலேயே போன் செய்தார். "தம்பி, மெஷின் செத்துப்போச்சு. நேத்து வரைக்கும் நல்லா ஓடிச்சு."

"வேற ஏதாவது மாத்தினீங்களா ஐயா?"

"ஒண்ணும் மாத்தல. மேசையைத் தொடைச்சேன், அவ்வளவுதான்."

போய்ப் பார்த்தால், துடைக்கும்போது கழன்ற கேபிளை விசைப்பலகையின் பக்கத்தில் இருந்த ஒரு துளையில் செருகி வைத்திருந்தார். துளையில் பிழை இல்லை, யூஎஸ்பி துளைதான். ஆனால் அவர் வைத்திருந்தது கேனன் லைடு வகை. அதற்குத் தனி மின்கம்பி கிடையாது, யூஎஸ்பி வழியாக வரும் மின்சாரத்தில்தான் எல்இடி விளக்கும் மோட்டாரும் ஓட வேண்டும். விசைப்பலகைத் துளை கொடுக்கும் மின்சாரம் அதற்குக் காணாது. கம்ப்யூட்டரின் பின்பக்கத் துளைக்கு மாற்றினேன், ஓடியது. அவர் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

ஆகவே வரிசை இது. பின்பக்கத் துளையில் நேராகச் செருகுங்கள், நடுவில் ஹப் வேண்டாம், நீட்டிப்புக் கம்பி வேண்டாம். அப்புறம் வேறு கேபிள். பிரின்டருக்குப் போடும் சதுர முனைக் கேபிளே பல ஸ்கேனர்களுக்கும் பொருந்தும், ஒன்றைக் கழற்றிப் போட்டுப் பார்க்கலாம். தனி அடாப்டர் உள்ள ஸ்கேனர் என்றால் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட் அளவும் ஸ்கேனரின் துளைக்குப் பக்கத்தில் எழுதியிருப்பதும் ஒன்றுதானா என்று பாருங்கள். கரன்ட் போய்ப் போய் வரும் ஊரில் அடாப்டர் பெட்டிகள் அடிக்கடி கலந்துவிடுகின்றன.

இன்னும் தெரியவில்லையா? கம்ப்யூட்டர் உள்ளே குறித்து வைக்கும் பதிவைப் பார்க்க ‘சூடோ டிமெஸ்ஜி’ (சூடோ என்றால் நிர்வாகி அனுமதியோடு ஓட்டுவது) தட்டிக் கடைசிப் பத்து வரிகளைப் படியுங்கள். -71 அல்லது -110 என்ற எண்ணோடு பிழை திரும்பத் திரும்ப வந்தால் கேபிள், துளை, மின்சாரம் இந்த மூன்றில் ஒன்று சரியில்லை. ஸ்கேனரைச் செருகியும் ஒரு வரிகூட வராவிட்டால் வேறொரு கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள். அங்கேயும் சத்தமே இல்லை என்றால் உள்ளே பலகை போயிருக்கிறது. எலக்ட்ரானிக்ஸ் பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள். ஆனால் முதலில் கூலியைக் கேட்டுக்கொள்ளுங்கள். சாதாரண ஸ்கேனர் என்றால் பழையது இன்னொன்று அதைவிட மலிவாகக் கிடைத்துவிடும்.

1-ஆ: வரி கூடுகிறது, ஆனாலும் ஸ்கேனர் இல்லை என்கிறது

நல்ல செய்தி, இயந்திரம் உயிரோடு இருக்கிறது. ‘ஸ்கேன்இமேஜ் -எல்’ என்று தட்டுங்கள் (அந்த எல் பெரிய எழுத்து). ஒன்றும் வராவிட்டால் அதே கட்டளையை முன்னால் ‘சூடோ’ போட்டுத் தட்டுங்கள்.

சூடோ போட்டால் வருகிறது, போடாவிட்டால் வரவில்லை: அனுமதிச் சிக்கல். உங்கள் பயனர் பெயரை ‘ஸ்கேனர்’ குழுவில் சேர்க்க வேண்டும். ‘சூடோ யூசர்மாட்’, இடைவெளி, ‘-ஏஜி’ (சிறிய ஏ, பெரிய ஜி), இடைவெளி, ‘ஸ்கேனர்’, இடைவெளி, உங்கள் பயனர் பெயர். பிறகு லாக் அவுட் செய்து மறுபடி உள்ளே வர வேண்டும். இதை மறந்துவிட்டு "சேர்த்தும் வரவில்லையே" என்று வருகிறவர்கள்தான் அதிகம். பிரின்டரோடு சேர்ந்த ஆல்-இன்-ஒன் என்றால் ‘எல்பி’ குழுவிலும் சேர்த்துப் பாருங்கள்.

சூடோ போட்டும் வரவில்லை: டிரைவர் சிக்கல். எல்எஸ்யூஎஸ்பி வரியில் நடுவில் முக்காற்புள்ளி வைத்து இரண்டு நான்கிலக்க எண்கள் இருக்கும். முதல் எண் நிறுவனம், இரண்டாவது மாடல். 04ஏ9 என்றால் கேனன், 04பி8 எப்சன், 03எஃப்0 எச்பி, 04எஃப்9 பிரதர், 04சி5 ஃபுஜிட்சு. மேலே ஒட்டியிருக்கும் பெயரை நம்பாதீர்கள், இந்த எண்ணை நம்புங்கள். சேன் திட்டத்தின் ஆதரவுப் பட்டியலில் இந்த எண்ணைத் தேடினால் எந்த டிரைவர், எவ்வளவு தூரம் வேலை செய்யும் என்று போட்டிருக்கும். ‘கம்ப்ளீட்’, ‘குட்’ என்றிருந்தால் கவலையில்லை. ‘அன்சப்போர்ட்டட்’ என்றிருந்தால் அதோடு மல்லுக்கட்டாதீர்கள்.

நான் அடிக்கடி பார்ப்பவை: லைடு 110, 210, 220 எல்லாம் ‘ஜெனிசிஸ்’ டிரைவரில் செருகியதும் ஓடும். லைடு 25-க்கு ‘பிளஸ்டெக்’. லைடு 300, 400-க்கு ‘பிக்ஸ்மா’. ஆனால் பழைய உபுண்டுவில் இருக்கும் பிக்ஸ்மாவுக்கு இவை தெரியாது, கம்ப்யூட்டரைப் புதிய பதிப்புக்கு ஏற்ற வேண்டும். எச்பி ஆல்-இன்-ஒன் என்றால் ‘எச்பிலிப்’ பேக்கேஜைப் போட்டு ‘எச்பி-செட்டப்’ ஓட்டுங்கள். சில மாடல்களுக்கு ‘எச்பி-பிளகின்’ கட்டளையும் ஓட்ட வேண்டும், அதற்கு இணையம் வேண்டும். எப்சன் பெர்ஃபெக்ஷன் வி370 போன்ற சிலவற்றுக்கு சேனில் உள்ள டிரைவர் போதாது, எப்சனே லினக்ஸுக்கு வெளியிடும் மென்பொருளையும் அதன் கூடுதல் பிளகினையும் போட வேண்டும்.

இன்னொரு வகை உண்டு. செருகும் ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர்தான் அதற்கு ஃபர்ம்வேர் (ஸ்கேனருக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) ஊட்ட வேண்டும். ஸ்கேன்ஸ்னாப் எஸ்1300ஐ, பழைய மஸ்டெக் பேர்பா, சில பழைய எப்சன்கள் இந்த ரகம். ஃபர்ம்வேர் கோப்பு விண்டோஸ் டிரைவர் சிடியில் இருக்கும். அதை எடுத்து டிரைவருக்கு உரிய அடைவில் வைக்க வேண்டும். எந்தக் கோப்பு, எந்த அடைவு என்பது அந்த டிரைவரின் கான்ஃப் கோப்பிலேயே குறிப்பாக இருக்கும். பழைய சாமான் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சிடியைத் தூக்கிப் போடாதீர்கள். விண்டோஸே இல்லாத வீட்டிலும் அந்த சிடி உதவும்.

ஆல்-இன்-ஒன் ஒன்று நன்றாக ஓடிக்கொண்டிருந்து, கம்ப்யூட்டரைப் புதிய பதிப்புக்கு மாற்றியதும் காணாமல் போயிருந்தால் ‘ஐபிபி-யூஎஸ்பி’ என்ற சேவையைச் சந்தேகப்படுங்கள். டெபியன் 11-லிருந்து அது கூடவே வருகிறது. டிரைவர் இல்லாமலே பிரின்டரை ஓட்டும் நல்ல வேலையைத்தான் செய்கிறது. ஆனால் யூஎஸ்பி வழியை அது பிடித்துக்கொண்டால் பழைய டிரைவருக்கு இடமில்லை. சேன்-ஏர்ஸ்கேன் போட்டிருந்தால் அதன் வழியாகவே ஸ்கேனர் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ‘சூடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் ஐபிபி-யூஎஸ்பி’ கொடுத்து, கேபிளைக் கழற்றிச் செருகிப் பாருங்கள்.

அறிகுறி 2: ஸ்கேன் கொடுத்தால் என் முகம் வருகிறது

சிரிக்காதீர்கள். தமிழ் வகுப்பு ஆசிரியை ஒருவர் நூலக லேப்டாப்பில் பழைய பாடப்புத்தகத்தை வைத்து ஸ்கேன் பொத்தானை அழுத்தினார். திரையில் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருக்கும் அவரே வந்தார். "என்ன தம்பி இது, என்னையே ஸ்கேன் பண்ணுது?" என்றார். லேப்டாப்பின் கேமராவையும் சேன் ஒரு ஸ்கேனராகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ‘ஸ்கேன்இமேஜ் -எல்’ பட்டியலில் ‘வி4எல்’ என்று தொடங்கும் வரி வந்தால் அது கேமரா.

இதற்குக் காசு செலவில்லை. சிம்பிள் ஸ்கேனில் மேலே இருக்கும் சாதனப் பட்டியலில் ஸ்கேனரைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு தடவையும் தேர்ந்தெடுக்க அலுப்பாக இருந்தால் ‘ஈடிசி’ அடைவுக்குள் ‘சேன்.டி’ அடைவில் இருக்கும் ‘டிஎல்எல்.கான்ஃப்’ கோப்பைத் திறந்து, ‘வி4எல்’ வரியின் முன்னால் ஒரு # போட்டுச் சேமியுங்கள். பட்டியலில் கேமரா மட்டுமே இருக்கிறது, ஸ்கேனர் இல்லை என்றால் மேலே அறிகுறி 1-க்குப் போங்கள்.

அந்தக் கோப்பிலேயே உங்களிடம் இல்லாத நிறுவனங்களின் வரிகளுக்கும் # போட்டால் ஸ்கேனரைத் தேடும் நேரம் குறையும். நகல் ஒன்று எடுத்து வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

அறிகுறி 3: முதல் பக்கம் வருகிறது, இரண்டாவது வராது

நீல நிற யூஎஸ்பி 3 துளையில் பழைய ஸ்கேனரைச் செருகியிருக்கிறீர்களா? கறுப்பு அல்லது வெள்ளைத் துளைக்கு மாற்றுங்கள். புதிய லேப்டாப்பில் எல்லாமே யூஎஸ்பி 3 என்றால், சொந்த மின்சாரம் உள்ள ஒரு பழைய யூஎஸ்பி 2 ஹப்பை நடுவில் வையுங்கள். ஹப் வேண்டாம் என்று மேலே சொன்னவன்தான் இங்கே ஹப் வை என்கிறேன். அடாப்டர் இல்லாத ஹப்தான் ஆகாது.

ஹப் கையில் இல்லாவிட்டால், ‘சேன்_யூஎஸ்பி_ஒர்க்கரவுண்ட்=1’ என்று எல்லாம் பெரிய எழுத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, அதே வரியில் சிம்பிள்-ஸ்கேன் கட்டளையைக் கொடுங்கள். பாதிக்குப் பாதி இதிலேயே சரியாகிவிடுகிறது.

பத்து நிமிடம் சும்மா இருந்த பிறகுதான் காணாமல் போகிறது என்றால் அது வேறு. பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று லேப்டாப் அந்தத் துளையைத் தூங்க வைக்கிறது. ‘டிஎல்பி’ என்ற மின்சேமிப்பு மென்பொருளைப் போட்டிருந்தால் அதன் அமைப்புக் கோப்பில் யூஎஸ்பி தூக்கத்தை நிறுத்துங்கள்.

அறிகுறி 4: வைஃபை ஸ்கேனர் போனில் தெரிகிறது, கம்ப்யூட்டரில் தெரியவில்லை

முதலில் விபிஎன்னை நிறுத்துங்கள். இங்கே பலருடைய கம்ப்யூட்டரில் அது எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கிறது. அது ஓடும்போது பக்கத்து மேசையில் இருக்கும் ஸ்கேனர்கூட மறைந்துபோகலாம். பிறகு கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் ஒரே வைஃபையில் இருக்கின்றனவா, ஒன்று விருந்தினர் வைஃபையில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கேனரின் ஐபி எண்ணை பிரவுசரில் தட்டுங்கள். அதன் பக்கம் திறந்தால் பாதை சரி. திறக்காவிட்டால் ரவுட்டரில்தான் குறை.

பாதை சரியாக இருந்தும் தெரியாவிட்டால், வைஃபையில் இருக்கும் கருவிகளைக் கண்டுபிடிக்கும் ‘அவாஹி-டீமன்’ சேவை ஓடுகிறதா என்று பார்த்து, ‘ஏர்ஸ்கேன்-டிஸ்கவர்’ என்று தட்டுங்கள். அதிலும் வராவிட்டால் ‘சேன்.டி’ அடைவில் உள்ள ‘ஏர்ஸ்கேன்.கான்ஃப்’ கோப்பில் முகவரியைக் கையால் எழுதலாம், எப்படி எழுதுவது என்பதற்கு மாதிரி வரி அதிலேயே இருக்கிறது.

அறிகுறி 5: கோடு, புள்ளி, புகை படிந்த மாதிரிப் படம்

மே மாதம் தொடங்கி அக்டோபர் வரை மழை பெய்யும் ஊரில் இதற்குத் தனி அத்தியாயமே எழுதலாம். முதலில் குற்றவாளி காகிதமா கருவியா என்று பிரியுங்கள். காகிதத்தைத் தலைகீழாகத் திருப்பி இன்னொரு தடவை ஸ்கேன் எடுங்கள். கறை காகிதத்தோடு சேர்ந்து திரும்பினால் கறை காகிதத்தில் இருக்கிறது. அதே இடத்தில் நின்றால் கருவியில் இருக்கிறது.

ஒரே இடத்தில் புள்ளி: கண்ணாடியின் மேல் தூசி, பசை, நெற்றியிலிருந்து உதிர்ந்த விபூதி (கோயில் ஸ்கேனரில் உண்மையாகவே பார்த்தேன்). மூக்குக் கண்ணாடி துடைக்கும் துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைக் கொஞ்சம் நனைத்துத் துடையுங்கள். திரவத்தைக் கண்ணாடி மேல் நேராக ஊற்றவோ தெளிக்கவோ வேண்டாம். ஓரத்து இடுக்கு வழியாக உள்ளே இறங்கினால் பிறகு வெளியே வராது.

மேலிருந்து கீழ்வரை ஒரு நேர்க்கோடு: தாளை இழுத்துக்கொள்ளும் ஃபீடரில் மட்டும் வருகிறது, கண்ணாடியில் வைத்து எடுத்தால் வரவில்லை என்றால், இடப்பக்கம் இருக்கும் ஒரு விரல் அகலக் கண்ணாடிப் பட்டையைப் பாருங்கள். ஃபீடரில் தலை அசையாமல் நிற்கும், தாள்தான் ஓடும். ஆகவே அந்தப் பட்டையில் குண்டூசித் தலையளவு மைப்புள்ளி இருந்தாலும் பக்கம் முழுக்கக் கோடாக நீளும். நகத்தால் தடவிப் பார்த்தால் தட்டுப்படும்.

கண்ணாடியில் வைத்து எடுத்தாலும் கோடு வருகிறது என்றால், தலை புறப்படும் ஓரத்தில் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் வெள்ளைப் பட்டையில் தூசி. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முன்னால் தலை அதைப் பார்த்துத்தான் வெள்ளை எது என்று அளந்துகொள்கிறது. ஜெனிசிஸ் டிரைவர் அந்த அளவைச் சேமித்து வைத்துக்கொள்ளும் என்பதால், முதலில் ‘கிளியர் கேலிப்ரேஷன்’ கொடுத்து மறுபடி எடுத்துப் பாருங்கள். சில சமயம் அதிலேயே போய்விடும்.

போகாவிட்டால் கண்ணாடியைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அடியில் திருகுகள் தெரிகிற மாடல் என்றால் நிதானமானவர்கள் வீட்டிலேயே செய்யலாம். கண்ணாடி ஒட்டுநாடாவால் ஒட்டியிருக்கும் மெல்லிய மாடல் என்றால் கைவைக்க வேண்டாம். நான் ஒன்றை உடைத்திருக்கிறேன், அதற்குப் பிறகு தெரிந்த பழுதுக்காரரிடம்தான் அனுப்புகிறேன்.

படம் முழுக்க மங்கல்: டார்ச்சைச் சாய்வாக அடித்துக் கண்ணாடியைப் பாருங்கள். உட்பக்கம் பனி படர்ந்தது போலவோ சிலந்தி வலை போலவோ தெரிந்தால் அது ஈரமும் பூஞ்சையும். துடைத்தால் ஓரளவு தேறும். பூஞ்சை கண்ணாடியில் வேரோடியிருந்தால் தடம் போகாது. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு மூடி வைப்பதுதான் இங்கே கட்டுப்படியாகும் வைத்தியம். துணியால் மட்டும் மூடினால் துணியே ஈரம் குடித்துவிடும்.

குழல்விளக்கு உள்ள பழைய ஸ்கேனரில் படம் இளஞ்சிவப்பாகவோ ஒருபக்கம் இருட்டாகவோ வந்தால் ஐந்து நிமிடம் சூடேறவிட்டு எடுத்துப் பாருங்கள். அப்படியும் மாறாவிட்டால் விளக்கின் ஆயுள் முடிந்தது. அதை மாற்றிக் கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் விலையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நான் என்றால் எல்இடி ஸ்கேனருக்கு மாறிவிடுவேன். ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும்: லைடு மாதிரி மெல்லிய எல்இடி ஸ்கேனர்கள் கண்ணாடியில் ஒட்டிக் கிடப்பதை மட்டும்தான் தெளிவாகப் பார்க்கும். தடிமனான பேரேட்டின் நடுமடிப்பு மங்கலாகவே வரும். அது கோளாறு இல்லை. பேரேடு நிறைய இருக்கிறவர்கள் பருமனான பழைய ரக ஸ்கேனரைத் தேடுவது நல்லது.

அறிகுறி 6: ஸ்கேன் நன்றாக வருகிறது, முத்திரை மட்டும் காணோம்

ஒரு அம்மா தன் தகப்பனாரின் பதிவுப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். பக்கத்தில் ஊதா நிற வட்ட முத்திரை, அதன் மேல் பச்சை மையில் கையெழுத்து. வேறோர் இடத்தில் எடுத்த ஸ்கேனில் எழுத்தெல்லாம் பளிச்சென்று இருந்தது, முத்திரை இருந்த இடத்தில் வெறும் வெள்ளை. ஸ்கேனரில் ஒரு குறையும் இல்லை. சிம்பிள் ஸ்கேனில் ‘டெக்ஸ்ட்’ முறையில் எடுத்திருக்கிறார்கள். அதில் நிறம் வராது, வெளிறிய சாயலும் அழிந்துவிடும். ஸ்கேன் பொத்தானுக்குப் பக்கத்தில் இருக்கும் அம்புக்குறியைத் தொட்டு ‘இமேஜ்’ (பழைய பதிப்பில் ‘ஃபோட்டோ’) என்று மாற்றுங்கள். முத்திரை, கையெழுத்து, மடிப்பு எல்லாம் ஆதாரம்தான். இப்படிப்பட்ட காகிதத்துக்கு வண்ணத்தில் 300 டிபிஐ-க்கு (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற அளவு) கீழே போகாதீர்கள்.

அதற்காக 1200 வைக்கவும் வேண்டாம். ஏ4 தாள் ஒன்று வண்ணத்தில் 300 டிபிஐ-யில் சுருக்குவதற்கு முன் சுமார் 26 எம்பி. 600-ல் நான்கு மடங்கு, 104 எம்பி. 1200-ல் 417 எம்பி. "கம்ப்யூட்டர் தொங்குது" என்று வருகிறவர்களில் பாதிப்பேர் இந்த எண்ணைத் தொட்டவர்கள்தான்.

தேடக்கூடிய பிடிஎஃப் வேண்டுமென்றால் ‘ஓசிஆர்மைபிடிஎஃப்’ போட்டு, படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் டெசராக்டின் தமிழ், பர்மிய மொழிப் பேக்கேஜ்களையும் (‘டாம்’, ‘மியா’ என்று முடியும்) சேர்த்துக்கொள்ளுங்கள். அச்சுத் தமிழ் பரவாயில்லாமல் வருகிறது. கையெழுத்தை எதிர்பார்க்காதீர்கள். பர்மிய எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிந்தாலோ குழம்பிக் கிடந்தாலோ எழுத்துருவைச் சந்தேகப்படுங்கள். கிடைப்பது யூனிகோடு, உங்கள் கம்ப்யூட்டர் இன்னும் ஸாஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவில் இருக்கலாம்.

அறிகுறி 7: கரகரவென்று சத்தம் போட்டு நின்றுவிடுகிறது

உடனே கேபிளைப் பிடுங்குங்கள். திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். பழைய லைடு உள்படப் பல ஸ்கேனர்களில் ஒரு பூட்டுப் பொத்தான் இருக்கும். வீடு மாற்றும்போதோ கடையிலிருந்து கொண்டுவரும்போதோ தலை ஆடாமலிருக்க அதைப் பூட்டியிருப்பார்கள். பூட்டுப் படத்தில் நின்றால் திறந்த பூட்டுப் படத்துக்குத் தள்ளுங்கள்.

பூட்டு திறந்திருந்தும் சத்தம் வந்தால், கரன்ட் போனபோது தலை நடுவழியில் நின்றிருக்கிறதா என்று கண்ணாடி வழியாகப் பாருங்கள். மின்சாரம் சீராக இருக்கும்போது இன்னொரு தடவை செருகினால் அது தானாக ஓரத்துக்குத் திரும்பும். திரும்பாமல் அதே இடத்தில் பல்சக்கரம் உதறினால் பட்டை கழன்றிருக்கிறது அல்லது பல் தேய்ந்திருக்கிறது. மறுபடி மறுபடி செருகிப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு உதறலிலும் இன்னும் இரண்டு பல் போகும். அப்படியே துணியில் சுற்றி, தலையை அசைக்காமல் பழுதுக்காரரிடம் கொண்டுபோங்கள். எந்த இடத்தில் நின்றது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் அவருக்கும் வேலை சுலபம்.